சர்வர் படுத்தாலும் கடை படுக்காமலிருக்க



கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன் நான். ஆனால் 2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில், அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை காலையில், என் மொத்தக் கடையின் சர்வர் படுத்துவிட்டது. அன்று பட்ட பாடுதான் இதை எழுத எனக்குள்ள தகுதி.

சர்வர் என்பது உள் அறையில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர்தான். முன்னால் பில் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் அதில் போய்த்தான் கணக்கை எழுதுகின்றன. அதன் ஹார்ட் டிஸ்க் நம் கிடங்கு மாதிரி. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கிடங்குப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் ஃபைல் சிஸ்டம் என்பது. புத்தகம் கிழிந்தால் சரக்கு உள்ளே இருந்தாலும் எடுக்க முடியாது. டிஸ்க்கே போனால் கிடங்கே எரிந்த மாதிரி.

எனக்குக் கிடங்கே எரிந்தது. 'தினமும் ராத்திரி பேக்கப் ஓடுகிறதே, பயமில்லை' என்றுதான் மகனும் நானும் இருந்தோம். வெளி டிஸ்க்கை மாட்டிப் பார்த்தால் கடைசி நகல் ஆடி மாதத்தது! டிஸ்க் நிறைந்து போய், 'இடம் இல்லை' என்று கம்ப்யூட்டர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை. மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, படித்திருக்க வேண்டியவன் நான்.

மூன்று மாதக் கணக்கை எங்கிருந்து எடுப்பது? வரி உள்ள எண்ணெய், சர்க்கரை, வத்தல் பில்களில், பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்டவை செப்டம்பர் வரை நாம் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1ல் பில் வாரியாகக் கிடைத்தன. அந்த அக்டோபர் 1 முதல்தான் 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஈ-இன்வாய்ஸ் கட்டாயமாகியிருந்தது. அதனால் அதற்குப் பிறகு போட்டவையும் போர்ட்டலில் இருந்தன. ஆனால் வரியில்லாத மூட்டைப் பருப்புக்கு அங்கே மொத்தத் தொகை மட்டும்தான். பதிவு பெறாத சின்னக் கடைகளுக்கும் அப்படியே. வசூல் விவரமோ அங்கே சுத்தமாக இல்லை. பேங்க் ஸ்டேட்மெண்டில் வந்தது போக, ரொக்கமாக வாங்கியதற்கு நம் கையில் ஒன்றுமில்லை.

கடைசியில் கைகொடுத்தது சின்னக் கடைக்காரர்களின் சிட்டைதான். லைனுக்குப் போகும் பையன்கள் ஒவ்வொரு கடையிலும் போய், 'அண்ணாச்சி, எங்களுக்கு நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?' என்று கேட்க வேண்டிய நிலை. கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவரிடம் கேட்கும் கேள்வியா அது? பெரும்பாலோர் நோட்டைத் திறந்து காட்டினார்கள். ஒரு பெட்டிக்கடை அம்மா, நாங்கள் அறியாத 3,400 ரூபாய் பாக்கியைத் தாமே சொன்னார். இல்லவே இல்லை என்றவர்களும் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம். நான்கு நாள் கையால் பில் எழுதினோம். அந்தத் தீபாவளி வியாபாரத்தில் பாதி பக்கத்து மண்டிகளுக்குப் போயிற்று.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நகல் எடுப்பது பாதி வேலை. அதைத் திரும்ப ஏற்றி, கடையை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோம் என்பதுதான் மீதிப் பாதி. நம்மில் பலரும் இந்த மீதியைப் பார்ப்பதே இல்லை.

முதலில், கெட்ட டிஸ்க்கைக் கிளறக் கூடாது. பதற்றத்தில் அதிலேயே ரிப்பேர் புரோகிராமை ஓட்டினால், மிச்சம் இருப்பதன் மேலேயே அது எழுதிவிடலாம். கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பத்திரமாக வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில்தான் ஏற்ற வேண்டும். வைரஸ் என்று சந்தேகம் இருந்தால், நம்மிடம் உள்ள ஒரே பேக்கப் டிஸ்க்கை அந்த மிஷினில் மாட்டவே கூடாது.

அடுத்தது நேரம். இது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். என் சர்வரில் பழைய வருடங்கள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் சேர்ந்து 200 ஜிபி. இந்த வருடக் கணக்கு மட்டும் 2 ஜிபி. 40 எம்பிபிஎஸ் இன்டர்நெட்டில் விநாடிக்கு 5 எம்பிதான் இறங்கும். 200 ஜிபியும் இறங்க 11 மணி நேரம் ஆகும். 2 ஜிபி என்றால் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். வெளி டிஸ்க்கிலிருந்து விநாடிக்கு 100 எம்பி வீதம் ஏற்றினால் 200 ஜிபிக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வரும். ஆனால் சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நிஜத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஆகவே, முதலில் கணக்கு சாப்ட்வேர், அதன் லைசென்ஸ், நடப்பு வருடக் கணக்கு இவற்றை ஏற்றி, பில் கவுண்டரைத் திறந்துவிட வேண்டும். பழைய வருடங்கள் ராத்திரி கடை அடைத்த பிறகு ஏறட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிவிட்டுத்தான் திறப்பேன் என்று இருப்பவர் மறுநாள்தான் திறப்பார்.

புது டிஸ்க்கிலோ புது மிஷினிலோ ஏற்றும்போது, சர்வரின் பெயர், ஐபி எண், ஃபோல்டர் பெயர் மூன்றும் பழையபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில் கம்ப்யூட்டரிலும் போய் மாற்ற வேண்டும். அதிலேயே ஒரு மத்தியானம் போய்விடும்.

இன்னொன்றில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நேற்று ராத்திரி நகலை இன்று மதியம் ஏற்றினால், காலையில் போட்ட பில்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கடைசி பில் 8140 என்று நினைத்துக்கொண்டு, ஏற்கனவே கொடுத்துவிட்ட 8141ஐத் திரும்பவும் போடும். அதே நம்பரில் இரண்டு பில் என்றால் ஈ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஏற்காது, லாரியும் நகராது. ஆகவே அடுத்த நம்பரைக் கையால் மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதற்காக என் கடையில் இப்போது தினமும் இரவு ஒரு துண்டுச் சீட்டு அச்சாகிறது. கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, மொத்தப் பாக்கி மூன்றும் அதில் இருக்கும். நகல் சரியாக ஏறியதா என்று பார்க்க அந்தச் சீட்டே போதும். தனி வரிசை எண்ணுள்ள கை பில் புத்தகம் ஒன்றும் மேஜையில் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசை வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி இடம் தருகிறது.

நகல் எடுக்கும்போது கணக்கு சாப்ட்வேரை மூடிவிட்டோ, அதன் சொந்த பேக்கப் வழியாகவோ எடுங்கள். திறந்திருக்கும் கணக்கை அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதிய பேரேடு போலத் திறக்காமல் போகலாம். ஞாயிறு முழு நகல், மற்ற நாளில் முந்தின நாளுக்குப் பின் மாறியது மட்டும் என்று எடுக்கும் முறையில், புதன் நகல் கெட்டால் வியாழன் நகலை நம்ப முடியாது. 2 ஜிபிக்கு அந்தச் சிக்கனமே தேவையில்லை, தினமும் முழு நகலே எடுத்துவிடலாம்.

'என் சர்வரில் இரண்டு டிஸ்க் ஜோடியாக ஓடுகிறது, பேக்கப் எதற்கு' என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும். மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் கம்பெனி 2017 ஜூன் 27 அன்று இதைத்தான் அனுபவித்தது. நாட்பெட்யா என்ற வைரஸ் புகுந்து, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த அவர்களுடைய முனையம் உட்பட வேலை நின்றது. அவர்களிடம் சுமார் 150 சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தும் ஒரே நாளில் போயின. கானா நாட்டில் ஒன்று மட்டும், அந்த நேரம் கரண்ட் இல்லாததால் தப்பியது. அதிலிருந்துதான் மீண்டார்கள். கம்பியிலிருந்து கழற்றி வைத்த நகல் ஒன்று நமக்கும் வேண்டும், அதுவும் கடைக்கு வெளியே. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்த கடைகளில் சர்வரும் அதன் பக்கத்திலிருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நின்றிருக்கும்.

இது நம் விருப்பம் மட்டுமல்ல. கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

2024 சித்திரையில் மின்னழுத்தம் ஏறி சர்வர் மறுபடி போனது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தயாராக வைத்திருந்தோம். நகல் முந்தின இரவுடையது. ஒன்றரை மணி நேரத்தில் பில் ஓடியது, அதுவரை கை பில் பதினேழு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மிஷினில் நகலை ஏற்றி, துண்டுச் சீட்டோடு மகன் ஒத்துப் பார்க்கிறான். போன மாதம் பாக்கித் தொகையில் 240 ரூபாய் இடித்தது. தேடிப் பார்த்ததில், சீட்டு அச்சான பிறகு குமாஸ்தா போட்ட ஒரு வரவு. இப்போது சீட்டு அச்சாகும் நேரத்தை அரை மணி தள்ளி வைத்திருக்கிறோம்.