மாகுல் எண்ணெயும் பாண்டுங் மாநாடும்

பம்பாயில் 1980களில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்த யாரைக் கேட்டாலும் ஆண்டுகளைப் பிசகாமல் சொல்வார்கள். பஞ்சசீலம் 1954. பாண்டுங் 1955. பெல்கிரேடு 1961. இந்திய–சோவியத் உடன்படிக்கை 1971. கேள்வித்தாளில் இவற்றில் ஒன்று வந்தே தீரும். ஆனால் செம்பூரிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு, தங்கள் பக்கத்து மாகுலில் புகை கக்கும் ஆலைகளும் வெளியுறவுக் கொள்கையில் ஒரு பாடம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. பிறகு அதே பாடத்தை நடத்தும் வேலைக்கு வந்தேன்.

மாகுலில் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். ஒன்றை அமெரிக்காவின் ஸ்டான்வாக் கம்பெனி 1954இல் தொடங்கியது; அதுதான் பின்னால் எஸ்ஸோ ஆனது. மற்றது பர்மா ஷெல்லுடையது, 1955. சோவியத் நாடு 1960இல் கச்சா எண்ணெயை மலிவு விலைக்குத் தர முன்வந்தது. நம்மிடம் அந்நியச் செலாவணி வற்றிக் கிடந்த நேரம். ரூபாயாகவே கொடுத்தால் போதும் என்ற சலுகை வேறு. எண்ணெய்த் துறையைக் கவனித்த அமைச்சர் கே.டி. மாளவியா அதை வாங்கிவிட வேண்டும் என்று நின்றார். வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க முடியாது என்று சொல்லிவிட்டன. நம் மண்ணில் நிற்கும் ஆலையில், நாம் வாங்க நினைத்த எண்ணெயை ஊற்ற நமக்கு உரிமை இல்லை. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசின் கைக்கு வந்தன. அணிசேராமை என்றால் என்ன, அது எங்கே இடறியது என்று விளங்கவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அன்றைய வகுப்பில் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

இன்று அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி கிடைத்திருக்கிறது. உக்ரைன் போருக்கு முன்பு இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2022க்குப் பிறகு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. பர்மா ஷெல்லின் இடத்தில் வந்த பாரத் பெட்ரோலியமும் வாங்கியது. அதற்குத் தண்டனையாக 25 விழுக்காட்டைச் சேர்த்து, 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் ஏற்றுமதிச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. அடி வாங்கிய பட்டியலில் தோல் பொருள்களும் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் தாராவியில் குடியேறி நூறாண்டுக்கு மேலாகிறது. பதனிடும் வேலை பெரும்பாலும் போய்விட்டது, பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. எண்ணெய் வாங்கியதற்குப் போட்ட வரி தோல் தைப்பவரின் கூலியை எப்படித் தொடும் என்று வகுப்பில் கேட்டால், தாராவிப் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே விளக்குகிறார்கள். முன்பு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

நான் படித்த நாள்களில் வாசிக்கக் கிடைத்தது மிகக் குறைவு. நூலகத்தில் பன்னாட்டு அரசியலுக்கு மார்கெந்தாவின் புத்தகம் ஒன்று, பாமர்–பெர்க்கின்ஸ் ஒன்று, அட்டை கிழிந்து, வரிசையில் காத்திருந்து வாங்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் பலரும் ஏ. அப்பாதுரையின் அரசியல் பாடநூலைப் படித்தே இந்தத் துறைக்குள் வந்தார்கள். சென்னையில் அரசியல் கற்பித்துவிட்டு டில்லிக்குப் போன அவர்தான், 1955இல் தொடங்கிய இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியின் முதல் இயக்குநர். நியூ மரீன் லைன்ஸில் அமெரிக்க நூலகம். குளுகுளு அறையில் உட்கார்ந்து படிக்கலாம். இன்னொரு பக்கம் 'சோவியத் நாடு' வழுவழுத் தாளில் வீடு தேடி வரும். படித்து முடித்ததும் தம்பி தங்கைகளின் நோட்டுக்கு அட்டையாகும். இரண்டு வல்லரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு எங்களுக்கு வாசிக்கக் கொடுத்தன. இரவு ஒன்பதேகாலுக்கு மாட்டுங்காவின் பல வீடுகளில் பிபிசி தமிழோசை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்த செய்தியை அதில் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்புக்கு வந்தவர்களுக்கு, பாடத்திட்டத்தில் இலங்கை 'அண்டை நாடுகள்' என்ற தலைப்பின் கீழ் சில பத்திகளாக மட்டும் இருந்தது.

ஆனாலும் கிடைத்த கொஞ்சத்தை முழுதாகப் படித்தோம். இதை ஏக்கத்தில் சொல்லவில்லை. ஒரு உடன்படிக்கையின் சரத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். ஒரு மணி நேரம் அந்த நாலு வரியிலேயே நிற்போம். 1971 உடன்படிக்கையின் ஒன்பதாவது சரத்து தாக்குதல் வந்தால் கலந்து பேசுவோம் என்கிறதா, துணைக்கு வருவோம் என்கிறதா? அந்த வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் பாடம் தெரிந்தவர். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. கல்வியாண்டின் நடுவில், தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்க, பாடப்புத்தகத்தின் பாதி வரலாறாகிவிட்டது. அந்த வருஷம் ஆசிரியர்கள் நாளிதழ் நறுக்குகளை வைத்துக்கொண்டே பாடம் எடுத்தார்கள்.

செம்பூருக்கு இன்னொரு பாடமும் இருந்தது. பக்கத்து டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் அணு உலை கனடா கொடுத்தது. அதற்குக் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. அதில் எடுத்த புளூட்டோனியம் 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்தது. கனடா நம்மோடு அணுசக்தி ஒத்துழைப்பை முறித்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் தனிக் குழு கட்டி நம்மை வெளியே நிறுத்தின. 2008இல் அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு வழிவிட்ட ஏற்பாட்டின்படி 2010 டிசம்பர் 31இல் சைரஸ் நிரந்தரமாக மூடப்பட்டது. ஐம்பது ஆண்டு வெளியுறவை ஓர் உலையின் வாழ்க்கையாகவே சொல்லிவிடலாம். அப்பா அணுசக்தித் துறையில் வேலை பார்த்ததால் அணுசக்தி நகரில் குடியிருந்த மாணவிகள் அன்று என்னோடு படித்தார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது, வகுப்பில் அதைப் பற்றிப் பாடமும் இல்லை.

இப்போது எல்லாமே கைப்பேசியில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் உடன்படிக்கைகள் அப்படியே கிடைக்கின்றன. தூதர்கள் கல்லூரிகளுக்கு வந்து பேசுகிறார்கள். நகரத்திலேயே 2009 முதல் கேட்வே ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பிரீச் கேண்டியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011இல் பாந்த்ரா குர்லா வளாகத்துக்கு வந்தது. தாராவிக்கும் அதற்கும் இடையில் மித்தி ஆறுதான். மாதிரி ஐக்கிய நாடுகள் சபைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு பிள்ளைகள் போகிறார்கள். நன்றாகப் பேசக் கற்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது. 2013 முதல் ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வின் பொதுப்பாடத் தாள் ஒன்றின் தலைப்பிலேயே பன்னாட்டு உறவு இடம் பெற்றதால் ஆர்வம் கூடியிருக்கிறது. கூடவே, எல்லாவற்றையும் ஐந்து பாயிண்டில் கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது.

2024 தேர்தல் நேரத்தில் கச்சத்தீவு எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றியது. வகுப்பில் ஆளுக்கொரு முடிவோடு வந்தார்கள். இரண்டு காகிதங்களை மட்டும் கொடுத்தேன்: இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தம், 1976 கடிதப் பரிமாற்றம். முதலாவதின் ஐந்தாவது சரத்து இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலத் தீவுக்கு வந்து போகலாம் என்கிறது. இரண்டாவது, ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. வந்து போகலாம் என்பதில் வலை விரிப்பது அடங்குமா? மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது நான் கொடுக்கும் வேலைகளில் எனக்குப் பிடித்தது 1990 பற்றியது. ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் அங்கே சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து ஏர் இந்தியா பம்பாய்க்கு அழைத்துவந்தது. அப்படித் திரும்பியவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். மறுபக்கம் இன்னொரு செய்தியையும் வைக்கிறேன்: வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்குப் போய் சதாம் உசேனைத் தழுவிக்கொண்டார். அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கண்டித்தார்கள். ஆக்கிரமிப்பாளரைத் தழுவியது தலைகுனிவு என்று ஒரு மாணவன் சொன்னான். "எங்க தாத்தா அந்த ஃபிளைட்லதான் வந்தாரு, டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண். தழுவாமல் இருந்திருந்தாலும் விமானம் வந்திருக்காதா என்று அவன் திருப்பிக் கேட்டான். அவளுக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. நாடாளுமன்ற விவாதத்தைத் தேடிப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.