பல நாட்பட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு மருத்துவ ஆய்வு முடிவுகள் எவ்வாறு பொருந்தும்?

ஒருவருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் ஒருசேர இருப்பதைப் பல்நோய் நிலை என்பர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. எனினும், மருந்துகள் பற்றிய ஆய்வுகள் பல ஒரு நோயை மட்டும் மையமாகக் கொண்டு நடத்தப்பட்டவை.

ஆய்வுகளில் யார் சேர்க்கப்படுகின்றனர்?

ஒரு மருந்தின் பயனை அறிய, நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழுவினருக்கு அம்மருந்தும், மற்றொரு குழுவினருக்கு மருந்தற்ற மாத்திரையோ வழக்கமான சிகிச்சையோ அளிக்கப்படும். பங்கேற்பவர்களின் பாதுகாப்புக் கருதியும், முடிவு தெளிவாக அமைய வேண்டும் என்பதற்காகவும், முதியோர், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், பல மருந்துகள் உட்கொள்பவர்கள் ஆகியோர் சில ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. இதனால் ஆய்வின் முடிவு தவறாகிவிடாது. ஆனால், அது எத்தகையவர்களுக்குப் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரிடம் ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்து ஆராயப்பட்டது. அது இறப்பு அபாயத்தை 30 விழுக்காடு குறைத்தது என்று 1999-இல் வெளியான முடிவுகள் காட்டின. இம்மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தக்கூடியது. ஆகவே, பொட்டாசியம் ஏற்கெனவே மிகுந்திருந்தவர்களும் சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக இருந்தவர்களும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களுக்கு இரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்யப்பட்டது.

முடிவுகள் வெளியானதும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இம்மருந்தின் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. அங்கு ஏ.சி.இ. தடுப்பு மருந்து உட்கொண்டுவந்த முதிய இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசிய மிகுதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது. 2001-இல் 11 ஆக உயர்ந்தது. அதனால் நேர்ந்த இறப்புகளும் கூடின. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியிலும் இம்மருந்தின் பயன்பாடு பெருகியது. ஆனால், அங்கு இரத்தப் பரிசோதனைகள் முன்னைவிடக் கவனமாகச் செய்யப்பட்டன. பொட்டாசிய மிகுதியால் மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை உயரவில்லை. ஆகவே, நோயாளியின் பிற நோய்களையும் கருத்திற்கொண்டு, உரிய கண்காணிப்புடன் வழங்கும்போதே நல்ல மருந்தும் பாதுகாப்பான மருந்தாகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• இம்மருந்தால் எனக்குக் கிடைக்கக்கூடிய பயன் என்ன?
• என் வயதுக்கும் எனக்குள்ள பிற நோய்களுக்கும் இது ஏற்றதா?
• நான் உட்கொள்ளும் பிற மருந்துகளுடன் இது சேருமா?
• எந்தெந்தப் பரிசோதனைகளை, எப்போது செய்துகொள்ள வேண்டும்?
• எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்?

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• எல்லா மருந்துகளின் பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றை ஒரே பட்டியலாக எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
• இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வலி நிவாரணி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
• சோடியம் குறைக்கப்பட்ட உப்பு வகைகள் பலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. இளநீரிலும் அது மிகுதியாக உள்ளது. பொட்டாசியத்தை உயர்த்தும் மருந்து உட்கொள்பவர்கள் இவற்றைப் பயன்படுத்துமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். உடலில் நீர் குறையும்போது சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்துவதும் ஆபத்தை விளைவிக்கலாம். ஐயம் இருப்பின், மருந்துப் பட்டியலுடன் உங்கள் மருத்துவரை அணுகுங்கள்.