நீர்மூழ்கியைத் தேடப் பல கப்பல்கள் ஏன்?

2017 ஜூலையில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் 'மலபார்' கடற்படைப் பயிற்சிக்காக இந்தியாவின் விக்ரமாதித்யா, அமெரிக்காவின் நிமிட்ஸ், ஜப்பானின் இசுமோ ஆகிய மூன்று போர்க்கப்பல்களும் கூடின. வெறும் பலம் காட்டல் என்று இதைத் தள்ளிவிட முடியாது; நீர்மூழ்கியைத் தேடப் பழகவும் பல கப்பல்கள் சேர வேண்டும். மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியைப் பெரும்பாலும் ஒலியால்தான் தேட வேண்டும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். கீழே நீர் குளிரக் குளிர வேகம் குறைந்து, ஒலி ஆழத்தை நோக்கி வளையும். அதனால் ஒலி எட்டாத நிழற்பகுதி உண்டாகி, நீர்மூழ்கிக்கு நல்ல மறைவிடமாகிறது. கங்கையும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் மேலடுக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. ஒரு கப்பலுக்கு எட்டாதது வேறிடத்தில் நிற்கும் இன்னொன்றுக்கு எட்டலாம். ஆனால் கேட்டதை உடனே பகிர, இரு கப்பல்களின் தகவல் முறைகளும் ஒத்துப்போக வேண்டும். இதைக் கணினியிலேயே பழகலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நீரின் வெப்பமும் உப்பும் பருவத்துக்குப் பருவம் மாறும். அவற்றைக் கடலில் இறங்கி அளந்து கொடுத்தால்தான் கணினியின் கணக்கே சரியாக வரும்.