விழுங்கப்படும் இரத்தம்

தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதையை அகற்றும் அறுவையில், பிள்ளையின் உடல்நிலையை மிகுந்த கவனத்துடன் நோக்க வேண்டிய நாட்கள் பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே வருகின்றன. அகற்றப்பட்ட இடம் பொதுவாகத் தையலிட்டு மூடப்படாமல் திறந்தே ஆற விடப்படுவதால், அதன்மேல் ஒரு வெண்படலம் படர்கிறது. பெற்றோர் பலர் சீழென்று அஞ்சும் அப்படலம் காயத்தின் பொருக்கே ஆகும்; ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே அது உதிரும்போது, அடியிலுள்ள இரத்தக்குழாய் திறந்துகொண்டால் குருதி கசியும். முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும் கசிவு முதல்நிலை என்றும், அதன்பின் நேர்வது இரண்டாம்நிலை என்றும் அழைக்கப்படுகின்றன. 2003-04இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் ஏறத்தாழ 34,000 நோயாளிகளிடம் நடந்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.5 பேருக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது. வெப்பத்தால் சதையை அறுக்கும் கருவிகளைப் பயன்படுத்தியபோது அது கூடுதலாக இருந்தது.

நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு பணிபுரிந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், 1924இல் எவரெஸ்ட் சரிவில் தொண்டையின் உட்தோல் குளிரால் கழன்று மூச்சை அடைத்தபோது, தம் மார்பை அழுத்தி அதை இரத்தத்தோடு வெளியேற்றிப் பிழைத்தார். அது வேறு வகைக் காயம்தான். ஆயினும் வளர்ந்தவர் துப்பிவிடும் இரத்தத்தை உறங்கும் குழந்தை விழுங்கிவிடுகிறது என்பதே இங்கு கருதத்தக்க வேறுபாடு. 15 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் ஓடும் மொத்தக் குருதி ஒரு லிட்டரைச் சற்றே தாண்டுமாதலால், ஒரு தம்ளர் அளவு இழப்பும் பெரிதாகும். ஆகவே உறக்கத்தில் அடிக்கடி விழுங்குதல், முகம் வெளிறுதல், நாடி விரைதல், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி ஆகியவற்றை அன்னையரிடம் முன்கூட்டியே பொறுமையாக விளக்குவது மருத்துவரின் தவிர்க்கவியலாத கடமையாகும். மூக்கிலோ ஈறிலோ எளிதில் இரத்தம் வடியும் வழக்கம் குடும்பத்தில் உண்டா என்பதும் அறுவைக்கு முன்பே கேட்கப்பட வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது.

வலிக்கு அஞ்சி நீர் அருந்தாத பிள்ளைக்கு ஆறிய கஞ்சியோ இளநீரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இரத்தம் தென்பட்டால், அது தானே நின்றுவிட்டதாகத் தோன்றினும், குமரி மாவட்டத்தின் குளச்சல் கடற்கரையானாலும் பேச்சிப்பாறை மலையடியானாலும் விடியும்வரை காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் உள்ள இடத்துக்குச் செல்வதே தகும். ஏனெனில் வயிற்றில் இரத்தம் நிறைந்த பிள்ளைக்கு மீண்டும் மயக்க மருந்து கொடுக்கும்போது அது வாந்தியாகி மூச்சுக்குழலுள் இறங்கக்கூடும்.