பனங்களியும் சவர்க்காரமும்

1990களில் வடபுலத்தில் பொருளாதாரத் தடை நிலவியபோது சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. அந்நாளில் தாய்மார் பனம்பழத்தை நீரிற் பிசைந்து ஆடை தோய்த்தனர். நானாட்டானிற் சிறுவனாயிருந்த யானும் அந்நுரையைக் கண்டு வியந்ததுண்டு.

நுரைக்குக் காரணம் பனங்களியிலுள்ள சபோனின்களாகும். பிளபெலிபெரின் எனப்படும் இவற்றை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்துள்ளனர். களியின் கசப்பும் இவற்றால் விளைவதே. சவர்க்காரத்திற்போலவே இவற்றின் மூலக்கூற்றில் ஒரு பகுதி நீரை நாடும். மறுபகுதி கொழுப்பை நாடும். இவ்விரட்டைக் குணமே எண்ணெயழுக்கைத் துணியினின்றும் பிரிக்கின்றது.

உயிர்க்கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வும் பெரும்பாலும் ஈரடுக்குக் கொழுப்பே. அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர். ஆய்வுகூடத்தில் அதற்கு மாதிரியாகக் கொழுப்பாலான நுண்பைகளை ஆக்குவர். அவற்றோடு சவர்க்காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பின் மூன்று படிகள் நிகழும். முதலில், அதன் மூலக்கூறுகள் அடுக்கினுட் புகும். பை சிதையாது, ஆயினும் கசியலாம். அடுத்து, மேலும் ஏற்கவியலாத அடுக்கு துண்டுபடத் தொடங்கும். ஈற்றில், கொழுப்பும் சவர்க்காரமும் கலந்த நுண்திரள்களே எஞ்சும். சபோனின்களோ பெரும்பாலும் மென்சவ்விலுள்ள கொலஸ்திரோலைப் பற்றித் துளையிடும். செங்குழியங்கள் அதனாற் சிதைவதுண்டு.

அங்ஙனமாயின் தோய்த்த கைகள் கெடாதது ஏன்? தோலின் மேற்புறம் உயிரற்ற கலங்களின் பல அடுக்குகளாற் காக்கப்படுகின்றது. அக்காப்பில்லாத கொரோனா வைரசின் கொழுப்புறையோ சவர்க்காரத்தாற் குலைந்துபோம். 2020இல் கைகழுவுதல் வற்புறுத்தப்பட்டதும் இதுபற்றியே.

தூய்மை செய்யும் ஆற்றலும் சிதைக்கும் ஆற்றலும் ஒன்றே. இடமும் அளவுமே அவற்றை வேறாக்குகின்றன. இல்லாமை கற்பித்த இப்பாடத்தை நம் மாணவர் ஆய்வுகூடத்திலும் தொடர்வாராக.