பழைய ஆட்டத்துக்கு இந்த லேப்டாப் போதுமா?

கையில் இருந்தது 25 ஆயிரம் ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

அப்பாவும் மகனும் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார்கள். மகன் பிளஸ்-2 மாணவன். படிப்புக்கு ஒரு லேப்டாப் தேவை.

விலை குறைந்த லேப்டாப் ஒன்றைப் பார்த்தார்கள். பிடித்திருந்தது.

"தம்பி, இதிலே கேம் விளையாடலாமா?"

கேட்டது மகன் அல்ல. அப்பா!

விற்பனையாளர் சிரித்தார். "கேம் என்றால் இது தாங்காது, சார். அதற்குத் தனி லேப்டாப் இருக்கிறது. விலை 65 ஆயிரம்."

அப்பாவின் முகம் வாடியது. மகனின் கல்லூரிக் கட்டணம் வேறு கட்ட வேண்டுமே!

"எந்த கேம்?" என்று விற்பனையாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலே மாறி இருக்கும்.

அப்பா நினைத்தது, "பிரின்ஸ் ஆப் பெர்சியா" என்ற பழைய ஆட்டம். சிறு வயதில் கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியது.

இளவரசன் பிறந்த கதை

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். அமெரிக்கர். ஆண்டு 1989.

கதை எளிமையானது. ஒரு வாலிபன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். இளவரசியை மீட்க வேண்டும். அவனுக்கு உள்ள நேரம் 60 நிமிடம்தான்!

அவன் ஓடுவான். தாவுவான். சுவரைப் பிடித்துத் தொங்குவான். எல்லாம் உயிருள்ள மனிதன் செய்வதுபோல் இருக்கும்.

எப்படி?

மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் சொன்னார். அதை வீடியோ எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு அசைவாக வரைந்தார்.

இந்த ஆட்டம் முதலில் ஆப்பிள்-2 கம்ப்யூட்டரில் ஓடியது. அதற்குத் தேவைப்பட்ட மெமரி வெறும் 128 கே.பி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதற்குள் அடைக்க முடியாது!

பலம் போதுமா?

இப்போது விலை குறைந்த லேப்டாப்பைப் பார்ப்போம்.

இத்தகைய லேப்டாப்களில் பயன்பட்ட சிப்களில் ஒன்று, இன்டெல் செலரான் என்-4020. அதிக வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். கூடவே 4 ஜி.பி. மெமரி. அதாவது 4,096 எம்.பி.

பழைய ஆட்டங்கள் கேட்டது எவ்வளவு?

1993-ல் வந்த "டூம்" கேட்ட மெமரி, 4 எம்.பி. இந்த லேப்டாப்பில் இருப்பதோ அதைப்போல் 1,024 மடங்கு!

1999-ல் வந்த "ஏஜ் ஆப் எம்பயர்ஸ்-2" கேட்டது 32 எம்.பி. இருப்பது 128 மடங்கு.

2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த "வைஸ் சிட்டி" கேட்டது 128 எம்.பி. இருப்பது 32 மடங்கு.

லாரியில் ஒரு கட்டு வைக்கோலை ஏற்றினால் லாரி திணறுமா? திணறாது. அதுபோல்தான் இதுவும்.

(டூமும் வைஸ் சிட்டியும் ரத்தமும் அடிதடியும் நிறைந்தவை. பெற்றோர் கவனிக்க.)

ஆனால், எல்லா ஆட்டமும் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த "ஜி.டி.ஏ.-5" ஆட்டத்துக்கு 65 ஜி.பி. இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். சில மலிவு லேப்டாப்களில் மொத்த இடமே 64 ஜி.பி. தான்!

பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து, அதே பெயரில் விற்பதும் உண்டு. "ஏஜ் ஆப் எம்பயர்ஸ்-2" அப்படி 2019-ல் மீண்டும் வந்தது. பெயர் பழையது. சுமை புதியது. வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள்.

பிறகு ஏன் ஓட மறுக்கிறது?

"பலம் இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் என் பழைய சி.டி.யைப் போட்டால் ஓடவில்லையே!" என்று சிலர் கேட்கலாம்.

உண்மைதான். காரணம் பலக்குறைவு அல்ல. மொழி!

கொள்ளுத் தாத்தா பேசும் பேச்சு பேரனுக்குப் புரிவதில்லை. பேரன் பலசாலிதான். என்ன பயன்?

அந்தக் கால ஆட்டங்கள் பல, "டாஸ்" என்ற முறையில் எழுதப்பட்டவை. அவை 16-பிட் ஆட்டங்கள். இன்றைய விண்டோஸ்-11, 64-பிட் முறை. அதற்கு 16-பிட் பேச்சு புரியாது.

இதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பெயர் "டாஸ்பாக்ஸ்". 2002-ல் வந்த இலவச மென்பொருள். புது லேப்டாப்புக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் அது நடிக்கும். ஆட்டம் ஏமாந்து ஓடும்!

வேகத்தையும் அது குறைத்துக் கொடுக்கும். வேகத்தைக் குறைப்பதா? ஆம்! சில பழைய ஆட்டங்கள் புதிய சிப்பில் தலைதெறிக்க ஓடும். நம் கை தொடுமுன் ஆட்டம் முடிந்துவிடும்.

இன்னும் 3 தடைகள்

1. சி.டி. பூட்டு: 2000-ம் ஆண்டை ஒட்டி வந்த பல ஆட்டங்களில், திருட்டுப் பிரதியைத் தடுக்கப் பூட்டு வைத்தார்கள். 2015-ல் வந்த விண்டோஸ்-10, அந்தப் பூட்டுகளில் சிலவற்றை ஏற்க மறுத்தது. ஒரிஜினல் சி.டி. இருந்தும் ஆட்டம் திறக்காது.

இதற்கு வழி, இன்றைய கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி சரிசெய்து விற்கும் பிரதியை வாங்குவது. போலந்து நாட்டில் 2008-ல் தொடங்கிய "ஜி.ஓ.ஜி." என்ற இணையக் கடை, இந்த வேலைக்கே பெயர் பெற்றது.

2. சி.டி. டிரைவ்: மலிவு லேப்டாப்களில் சி.டி. போடும் இடமே இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் தனியாகக் கிடைக்கும்.

3. "எஸ் மோட்": சில லேப்டாப்கள் இந்த நிலையில் வரும். மைக்ரோசாப்ட் கடையில் உள்ள மென்பொருளை மட்டுமே ஏற்கும். இதைக் காசு இல்லாமல் நீக்கலாம். ஆனால் நீக்கியபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது.

ஓர் எச்சரிக்கை. "இலவசம்" என்று கூவும் கண்ட இடத்திலும் ஆட்டத்தை இறக்காதீர்கள். ஆட்டத்தோடு வைரசும் வரும். அதே லேப்டாப்பில்தானே வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள்!

அப்பா காத்த பெட்டி

மெக்னர் கதையில் இன்னொரு சுவை உண்டு.

ஆட்டத்தின் மூல எழுத்தைப் பல ஆண்டுகளாகத் தேடினார். கிடைக்கவில்லை. 2012-ல் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய பிளாப்பிகள். அவற்றில் அந்த எழுத்து இருந்தது!

பெட்டியைக் கண்டெடுத்தவர் யார்? அவருடைய அப்பா!

நம் கடைக்கு வந்த அப்பாவிடமும் ஒரு சி.டி. இருந்தது. இத்தனை ஆண்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

65 ஆயிரத்தை அவர் செலவிடவில்லை. விலை குறைந்த லேப்டாப்பையே வாங்கினார். சி.டி. டிரைவை நண்பரிடம் இரவல் பெற்றார். டாஸ்பாக்சை மகன் இறக்கிக் கொடுத்தான்.

அன்று இரவு இளவரசன் ஓடினான், தாவினான், முள்ளில் விழுந்து செத்தான். ஒரு முறை அல்ல, பல முறை!

"இப்படி இல்லை, அப்பா. தள்ளுங்கள்" என்றான் மகன்.

அப்பா தள்ளி உட்கார்ந்தார். மகன் ஆடினான். அப்பா வழி சொன்னார்.

60 நிமிடம் போனதே தெரியவில்லை. இளவரசி இன்னும் சிறையில்தான் இருக்கிறாள்.

கல்லூரிக் கட்டணப் பணம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது!