தீவுகளும் சிட்லபாக்கமும்

எங்கோ நடுச்சமுத்திரத்திலுள்ள தீவுகளின் கவலை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாலத்தீவின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரங்கூட இல்லாதது. 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதென்று சர்வதேச நிபுணர் குழு 2021-ல் அறிவித்தது. துறைமுகத்தையும் வைத்தியசாலையையும் எவ்விடத்தில் கட்டுவதென்பதை இத்தகைய கணக்குகளைக் கொண்டே அத்தீவினர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சிறிய நாடுகளுக்குச் சொந்த விண்கலம் ஏது? ஆகவேதான், புயல், பவழப் பாறை, கடற்கரை ஆகியவை பற்றிய தகவல்களை இஸ்ரோ அவர்களுக்கு அளிக்கும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மகாநாட்டில் நமது பிரதமர் வாக்களித்தார். இது பாரத நாட்டுக்குப் பெருமை தரும் தொண்டு என்பதில் ஐயமில்லை.

இத்தொண்டுக்கு முன்னோடி நமது அண்டையிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், லக்ஷத்தீவின் கவரத்தியில் 2005-ல் ஒரு நிலையம் அமைத்தனர். மேற்பரப்பின் வெந்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் அதைக் குளிர்வித்து, தினம் ஒரு லக்ஷம் லிட்டர் குடிநீர் தரும் வகையில் அது அமைந்தது. ஆராய்ச்சி ஜனங்களின் குடத்தில் நீராக வந்து சேர்ந்ததற்கு இதுவே சாக்ஷி.

இனி நமது ஊரைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. சிட்லபாக்கத்து வீதிகளும் அன்று தீவுகளாயின. இவ்வூர் ஏரியின் மிகுநீர் செம்பாக்கம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாடிச் செல்ல வேண்டியது. கடல் உயர உயர, அச்சதுப்பு நிலத்து நீர் வடிவதும் மந்தமாகும். எனவே தீவினரின் கவலை நமது கவலையுமாகும்.

ஆராய்ச்சி எதற்கு, கால்வாய் வெட்டினால் போதாதா என்பாருமுளர். எவ்வளவு அகலம் வெட்டுவது? சென்றுபோன மழையை மட்டும் அளந்து வெட்டிய கால்வாய் வரப்போகும் மழையைத் தாங்குமா? அளவறியாது செய்யும் செலவே வீண் செலவு.

1990-ல் சிறு தீவு நாடுகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து உலகைக் கேட்கச் செய்தன. நமது வார்டுவாசிகளும் அவ்வாறே கேட்க வேண்டும். ஒவ்வொரு வீதியின் உயரத்தையும் நீர் செல்லும் வழியையும் காட்டும் படத்தைத் தாம்பரம் மாநகராட்சியார் தமிழில் யாவரும் காணும்படி வைக்கட்டும். அதைப் பார்த்த பின்னரே கட்டட அனுமதி வழங்கட்டும். கடல் கடந்தவர்க்கு நாம் தரும் அறிவு, கூப்பிடு தூரத்திலுள்ள நம்மவர்க்கும் கிட்டுவதே நியாயம்.